உவமை யாருடைய சொத்து?

இந்தப் பதிவு சற்று நீளம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் நடந்த சண்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். பேத்தி ஒருத்தியின் வீட்டுப்பாடத்தில் தொடங்கியது. "சிமிலி, மெட்டஃபர் இரண்டுக்கும் தமிழில் என்ன?" என்று கேட்டாள். உவமை, உருவகம் என்று பதில் போனது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு மாப்பிள்ளை, "அணியிலக்கணம் முழுக்க சமஸ்கிருதத்திலிருந்து வந்ததுதானே, தண்டியலங்காரமே மொழிபெயர்ப்புதானே" என்று போட்டார். இன்னொரு தம்பி, "தொல்காப்பியத்தைத் திருடி வடமொழியில் எழுதிக்கொண்டார்கள்" என்று போட்டார். அதற்குப் பிறகு வந்த முப்பது நாற்பது செய்திகளில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. இப்போது இரண்டு பேரும் ஒருவர் போடும் காலை வணக்கத்துக்கு மற்றவர் பதில் போடுவதில்லை. அடுத்த மாதம் கல்யாணம் வருகிறது. ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் தொல்காப்பியம். அதன் காலத்தைப் பற்றிய வழக்குக்கு நான் இன்று வரவில்லை. பொருளதிகாரத்தில் ஒன்பது இயல்கள். ஏழாவது உவமவியல். முழு இயலும் உவமை ஒன்றைப் பற்றியதுதான். முப்பத்தைந்து அணி, அறுபத்து நான்கு அணி என்ற பட்டியலெல்லாம் அங்கே கிடையாது. ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, மனிதன் ஏன் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறான், எதை வைத்து ஒப்பிடுகிறான், யார் யாரிடம் எப்படி ஒப்பிட்டுப் பேசலாம் என்று துருவித் துருவிப் பார்க்கிறார்.

எதை வைத்து என்பதற்கு நான்கு: வினை, பயன், மெய், உரு. வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுக்கிறான் என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். இது தேர்வுக்கு வரும், எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

ஏன் ஒப்பிடுகிறோம் என்பதற்கு அவர் சொல்லும் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது தேர்வுக்கு அதிகம் வராது. சிறப்பு, நலன், காதல், வலி என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். பிறகு இழிவும் ஒன்று என்று சேர்த்து ஐந்தாக்குகிறார். அவற்றில் மூன்றாவதைப் பாருங்கள். காதல். கரிக்கட்டை நிறத்தில் ஒரு பிள்ளை தெருப் புழுதியில் புரண்டுவிட்டு வருகிறது. அம்மா அதைத் தூக்கி, "என் தங்கமே" என்கிறாள். தங்கத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் நிறமும் ஒவ்வாது, வடிவும் ஒவ்வாது. அந்த ஒப்புமை பிறந்த இடம் பிள்ளையின் மேனி அல்ல, அவள் மனசு. ஒப்புமை பொருளில் மட்டும் இல்லை, பேசுகிறவர் நெஞ்சிலும் இருக்கிறது என்பதை இலக்கண நூலில் ஒரு சொல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்று. உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் விதி. முகத்துக்கு நிலவைச் சொல்லலாம். ஆனால் நிலவைப் பார்த்து "அவள் முகம் போல இருக்கிறது" என்று திருப்பிச் சொன்னால்? அதுவும் உவமைதான் என்று ஏற்றுக்கொள்கிறார். பின்னால் தண்டியலங்காரம் இதற்கு விபரீத உவமை என்று பெயர் வைத்தது. நம் சினிமாப் பாட்டுக்காரர்களுக்குப் பாதிப் பிழைப்பு இந்த ஒன்றில்தான் ஓடுகிறது.

உவம உருபுகளையும் பட்டியல் போடுகிறார். மொத்தம் முப்பத்தாறு. வினைக்கு எட்டு, பயனுக்கு எட்டு, மெய்க்கு எட்டு, உருவுக்கு எட்டு என்று பிரித்தும் கொடுக்கிறார். நாம் இன்று எதற்கெடுத்தாலும் பயன்படுத்தும் 'போல' என்பது அந்தப் பிரிவில் எங்கே இருக்கிறது தெரியுமா? உருவுக்கு உரிய எட்டில். நிறத்தைச் சொல்ல வந்த சொல், காலப்போக்கில் மற்ற எல்லா உருபுகளையும் ஓரங்கட்டிவிட்டுத் தனிக்காட்டு ராஜாவாகிவிட்டது. சங்கப் பாட்டுகளிலேயே இந்த எல்லைகள் அப்படியே காக்கப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மொழியை இவ்வளவு கிட்டத்தில் நின்று கவனித்த ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

உள்ளுறை உவமத்தையும் சொல்லாமல் போக முடியாது. 'போல' என்ற சொல்லே வராது. ஒப்பிடப்படும் ஆளும் வரமாட்டார். மருதத்துப் பெண் ஒருத்தி தன் கணவன் ஊரை வருணிப்பாள்: அங்கே வயலுக்குள் எருமை இறங்கும், பூவை மிதித்துச் சேறாக்கும், வயிறு நிறைந்ததும் வெளியேறும். கேட்கிறவனுக்கு முகம் சுருங்கும், எருமை யார் என்று அவனுக்குத் தெரியும். இதற்குத் தொல்காப்பியர் போடும் கட்டுப்பாடுகள்தான் ஆச்சரியம். அந்த நிலத்தின் விலங்கு, பறவை, மரம், பூ எல்லாவற்றையும் உள்ளுறைக்குப் பயன்படுத்தலாம், தெய்வத்தை மட்டும் பயன்படுத்தக் கூடாது. தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தோழி சொன்னால் தான் வாழும் நிலத்தைத் தாண்டிப் போகக் கூடாது. தலைவன் சொன்னால் அவன் பெருமைக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். அதாவது, கடலையே பார்த்திராத மலைநாட்டுத் தோழியின் வாயில் சுறாமீனை வைக்காதே என்கிறார். இன்று கதை எழுதுகிறவர்களுக்கும் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும் இதை அச்சடித்து மேசை மேல் ஒட்டிக்கொடுக்கலாம்.

தம்பி, இதுவரை படித்துவிட்டு "பார்த்தீர்களா, எல்லாம் நம்முடையதுதான்" என்று குதிக்க வேண்டாம். கதை இனிமேல்தான்.

ஏழாம் நூற்றாண்டின் கடைசியில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருவர் வடமொழியில் கவிதை இலக்கணம் எழுதினார். பெயர் தண்டி. நூலின் பெயர் காவியாதர்சம். ஆதர்சம் என்றால் கண்ணாடி. கவிதைக்கு ஒரு கண்ணாடி. அவர் ஊர் காசி இல்லை, உஜ்ஜயினி இல்லை. நம் காஞ்சிபுரம். அவர் குடும்பத்துக்குப் பல்லவர் அவையோடு மூன்று நான்கு தலைமுறைத் தொடர்பு இருந்தது என்பதும், பகைவர் படையெடுப்பால் காஞ்சியை விட்டு வெளியேறி அலைந்து பிறகு திரும்பினார் என்பதும் அவந்திசுந்தரி கதை என்ற நூலில் வருகிறது. கயிலாசநாதர் கோயில் எழுந்த காலம் கிட்டத்தட்ட அதே காலம். அங்கே சிற்பி கல்லில் செய்துகொண்டிருந்த நேரத்தில் இவர் சொல்லில் எது எது எப்படி அழகாகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணுவதில் அவர் கெட்டிக்காரர். பொருளணி முப்பத்தைந்து. அதில் உவமைக்கு மட்டும் முப்பத்திரண்டு வகை சொல்கிறார். இதைப் பார்த்துத்தான் பலர், "வறட்டுப் பட்டியல்" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த முப்பத்தைந்தில் முதலாவதாக எதை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். தன்மை அணி. ஒரு பொருளை உள்ளது உள்ளபடி சொல்வது. மாட்டை மாடாக, மழையை மழையாகச் சொல்வது. அணிகளின் வரிசையில் முதல் நாற்காலி அணியே இல்லாததற்கு.

இதில் ஒரு பழைய தகராறு உண்டு. பாமகர் என்று இன்னொரு வடமொழி ஆசிரியர், கிட்டத்தட்ட அதே காலத்தவர். அவருக்குக் கவிதை என்றால் பேச்சு வளைய வேண்டும், சாதாரணப் பேச்சிலிருந்து விலக வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்வதை அணி என்று 'சிலர்' சொல்கிறார்கள் என்று ஒதுக்கமாகத்தான் எழுதுகிறார். பொழுது சாய்ந்தது, நிலா வந்தது, பறவைகள் கூட்டுக்குப் போகின்றன என்ற பொருள்பட ஒரு எளிய தொடரை எடுத்துக்கொண்டு, இதெல்லாம் கவிதையா, வெறும் செய்தி என்று கேட்கிறார். அதே தொடரைத் தண்டியும் எடுத்துக்காட்டுகிறார். ஒரு பொழுதை உணர்த்துவதற்கு இதுவும் நல்லதுதான் என்கிறார். இரண்டு பேரில் யார் முந்தி, யார் பிந்தி என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. வேலை முடிந்து வருகிற கணவனைப் பார்த்து ஒருத்தி வாசலில் நின்று "இருட்டிப்போச்சு" என்கிறாள் என்று வையுங்கள். அது செய்தியா, கவிதையா? யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதைப் பொறுத்தது. இந்தத் தகராறில் நான் காஞ்சிபுரத்துக்காரர் பக்கம்.

இந்தக் கண்ணாடி போன ஊர்களைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் அவையில் கன்னடத்தில் கவிராஜமார்க்கம் எழுந்தது. இன்று கிடைக்கும் கன்னட நூல்களில் மிகப் பழையது அதுதான். பெரும்பகுதி தண்டியைத் தழுவியது. இலங்கையில் சிங்களத்தில் சியபஸ்லகர என்ற நூலும் தண்டியைப் பின்பற்றியதே. பத்தாம் நூற்றாண்டில் இரத்தினஸ்ரீஞானர் என்ற இலங்கைப் பௌத்தத் துறவி காவியாதர்சத்துக்கு வடமொழியில் உரை எழுதினார். பாலி மொழியில் சுபோதாலங்காரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திபெத்தில் சாக்கிய மடத்தைச் சேர்ந்தவர்கள் இதை முழுதாக மொழிபெயர்த்தார்கள். அங்கே அது துறவிகளுக்குப் பாடநூலாகவே ஆகிவிட்டது. காஞ்சி வெயிலில் எழுதியதைப் பனிமலையில் போர்வை போர்த்திக்கொண்டு ஒருவர் மனப்பாடம் செய்திருக்கிறார்! பிறந்த ஊர்க்காரர்களான நாம் அவரை "வடக்கிலிருந்து வந்தவர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணாடி நேரே தமிழுக்கு வந்ததா என்றால், இல்லை. காஞ்சியில் எழுதிய நூல் கன்னடம் போய், இலங்கை போய், கடைசியில்தான் தமிழுக்குள் நுழைகிறது. பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 1063க்கும் 1070க்கும் இடையில், பொன்பற்றியூர்ப் புத்தமித்திரனார் என்ற பௌத்தர் வீரசோழியம் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்து இலக்கணமும் ஒரே நூலில். அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிற நூல் அது! அலங்காரப் பகுதிக்கு வரும்போது, தண்டி சொன்னபடிதான் சொல்கிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறார். யாரிடம் வாங்கினேன் என்று பெயர் சொல்லி வாங்கியதற்குத் திருட்டு என்று பேர் வைக்க முடியாது.

அடுத்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் தண்டியலங்காரம். எடுத்துக்காட்டு வெண்பாக்களில் அனபாயன் என்ற பெயர் வருகிறது. அது இரண்டாம் குலோத்துங்கன். மாப்பிள்ளை சொன்னது போல இதைத் 'தழுவல்' என்று பாடநூல் சொல்வது சரிதான். ஆனால் தழுவல் என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு நூலைத் திறக்காமல் விடக் கூடாது. எடுத்துக்காட்டுப் பாட்டுகள் தமிழ்ப் பாட்டுகள். அதில் வரும் ஆறு காவிரி, அரசன் சோழன், யாப்பு வெண்பா. வீட்டுக்கு வரைபடம் எங்கிருந்து வந்தால் என்ன, செங்கல் நம் சூளைச் செங்கல்.

பெயர்களை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்பதையும் பாருங்கள். சிலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்: தீபகம் தீவகம் ஆயிற்று, சிலேஷம் சிலேடை ஆயிற்று, விபாவனா விபாவனை, லேசம் இலேசம். சிலவற்றைத் தமிழாக்கினார்: ரூபகம் உருவகம், வியதிரேகம் வேற்றுமை, அர்த்தாந்தர நியாசம் வேற்றுப்பொருள் வைப்பு. உத்பிரேட்சைக்கு வந்தபோதுதான் ஆள் யார் என்று தெரிகிறது. தற்குறிப்பேற்றம்! தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுதல். இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் கவிஞன் தன் மனக்குறிப்பைத் தூக்கி வைக்கிறான் என்ற விளக்கம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பு செய்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். நீங்கள் இந்த ஒரு சொல்லை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அணிக்கு எல்லோரும் எழுதும் உதாரணம் சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வருகிறார்கள், கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன, உள்ளே வராதே என்று கையசைப்பது போல. ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், "ஐயா, இளங்கோவடிகள் தண்டியலங்காரம் படிச்சிருப்பாரா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தண்டியலங்காரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே சிலம்பு வந்துவிட்டது. அணி முதலில், பெயர் பிறகு. இளங்கோவுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை, கொடி ஆடியதும் கோவலன் சாகப்போகிறான் என்பதும் மட்டும் போதுமானதாக இருந்தது. குழுவில் நடந்த சண்டையில் இரண்டு பேருமே பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இழுத்தீர்கள். பெயர் காஞ்சியிலிருந்து வடமொழி வழியாகச் சுற்றி வந்தது. செய்கை இங்கேயே இருந்தது. செய்கை உலகத்தில் எல்லா மொழியிலும் இருந்தது.

உருவகம் என்ற பெயரும் அப்படித்தான். தொல்காப்பியத்தில் அந்தப் பெயரில் தனி விதி இல்லை. அதற்காக அந்தக் காலத்தில் உருவகம் இல்லை என்று ஆகிவிடாது. உவமையின் ஒரு வகையாக அதையும் அடக்கிக்கொண்டார்கள். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்று திருப்பிப் போட்டால் முகமே மலர், உருவகம். 'போல' போய்விட்டது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேத்திக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். இரண்டு சொல்லை இடம் மாற்றிப் போட்டால் சிமிலி மெட்டஃபராக மாறும் வசதி எத்தனை மொழியில் இவ்வளவு சுலபமாக இருக்கிறதோ!

அவள் அடுத்ததாகக் கேட்கப்போவது பெர்சானிஃபிகேஷன். அதற்குத் தண்டியலங்காரத்தில் தனி அணி தேடி அலைய வேண்டாம். தொல்காப்பியச் செய்யுளியலிலேயே ஞாயிறு, திங்கள், அறிவு, நாணம், கடல், சோலை, விலங்கு, மரம் என்று ஒரு வரிசையைச் சொல்லி, இவையெல்லாம் பேசுவது போலவும் கேட்பது போலவும் வரலாம் என்று விதி இருக்கிறது. நாணத்தையும் அறிவையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். தலைவி தன் நெஞ்சோடு பேசும் பாட்டுகளைப் படித்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

மெட்டானிமி என்று கேட்டால் ஆகுபெயர். அது அணியே இல்லை, சொல்லிலக்கணம். தொல்காப்பியர் ஏழு வகை சொன்னார், பிறகு நன்னூல் அதை விரித்தது. "டிசம்பர் சூடினாள்", "வெள்ளை அடித்தான்", "இரண்டு லிட்டர் வாங்கி வா", "இந்தியா ஜெயித்தது" என்று நாம் மூச்சு விடுவது போலப் பேசுகிறோம். மேலை நாட்டுப் பாடத்தில் இது ஃபிகர் ஆஃப் ஸ்பீச். நம் இலக்கணத்தில் இது பேச்சின் அன்றாட நடை, அலங்காரம் இல்லை. எது சரி என்றால் எனக்கு நம் இலக்கணிகள் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. மளிகைக் கடையில் அலங்காரம் செய்து யார் பேசுவார்?

இனி பேராசிரியர். நான் சொல்வது தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியரை. பதின்மூன்றாம் நூற்றாண்டு என்பார்கள். அவர் காலத்தில் அணி நூல்கள் செல்வாக்கோடு இருந்தன. அவருக்கு அது பிடிக்கவில்லை. உவமவியல் உரையின் கடைசியில், தொல்காப்பியத்தில் வரும் உவமையிலிருந்து சிலவற்றையும் மற்ற இடங்களிலிருந்து சிலவற்றையும் எடுத்துக்கொண்டு 'அணி' என்று நூல் செய்கிறவர்கள் இக்காலத்தில் இருக்கிறார்கள் என்று தொடங்கி, ஒரு கேள்வி போடுகிறார். சாத்தன் என்று ஒருவன் முடி அணிந்திருக்கிறான், தொடி அணிந்திருக்கிறான். முடியும் தொடியும் வேறு, சாத்தன் வேறு. கழற்றி வைத்தால் சாத்தன் அப்படியே இருப்பான். செய்யுளில் நீங்கள் அணி என்று சொல்வதும் அப்படி வேறாக இருக்க வேண்டுமே? இருக்கிறதா?

இந்தக் கேள்வியைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மதுரைக் கொடியைச் சிலம்பிலிருந்து கழற்றி வைத்துவிட்டால் மீதி என்ன? எருமையை உள்ளுறையிலிருந்து ஓட்டிவிட்டால் அந்தப் பெண் கணவனிடம் சொல்ல நினைத்தது எங்கே? நகையைக் கழற்றினால் உடம்பு இருக்கும். உவமையைக் கழற்றினால் பல இடங்களில் பாட்டே இருக்காது. அணி என்ற சொல்லே தவறான உவமை என்கிறார் அவர்! அணியிலக்கணத்தின் அடிப்படை உவமையில் குற்றம் கண்டுபிடித்தவர் உவமவியலுக்கு உரை எழுதியவராக இருப்பது பொருத்தம்தான்.

அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. பட்டியல் வளர்ந்துகொண்டே போயிற்று. வடமொழியில் பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் நான்கே அணிகள். பதினாறாம் நூற்றாண்டில், நம் ஆரணிக்குப் பக்கத்து அடையப்பலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் குவலயானந்தம் எழுதியபோது நூறைத் தாண்டியது. தமிழில் தண்டியலங்காரத்தின் முப்பத்தைந்து, அதே பதினாறாம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரித் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் எழுதிய மாறனலங்காரத்தில் அறுபத்து நான்காயிற்று. நம்மாழ்வார்மேல் அவருக்கு இருந்த காதலில் எடுத்துக்காட்டெல்லாம் ஆழ்வார் புகழ். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும் பதினெட்டாம் நூற்றாண்டில் தொன்னூல் விளக்கத்தில் அணியை ஐந்தாவது இலக்கணமாக வைத்தார். வீரசோழியத்தை 1881இல் அச்சில் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை. ஏடு செல்லரித்துப் போயிருந்தால் இன்று இந்தச் சண்டைக்கே பாதி ஆதாரம் இருந்திருக்காது.

சேர்த்துப் பாருங்கள்: பௌத்தர், சைவம் தழைத்த சோழ நாடு, வைணவக் கவிராயர், கிறித்தவப் பாதிரியார், ஈழத்துப் பதிப்பாசிரியர். உவமையைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வளவு பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள். மாப்பிள்ளை, தம்பி, நீங்கள் இரண்டு பேரும் "யாருடையது" என்று கேட்டபோது இவர்களில் யாரை வெளியே அனுப்பச் சொல்கிறீர்கள்?

1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். புதுக்கவிதை பேசத் தொடங்கிய பிறகு படிமம், குறியீடு, தொன்மம் என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. அவை மேலை நாட்டுத் திறனாய்விலிருந்து வந்தவை. பழைய தமிழாசிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். தண்டியலங்காரம் வந்த காலத்தில் பேராசிரியர் சுளித்த அதே முகம்தான். நான் படிமத்தையும் உள்ளுறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நடத்தினேன், பிள்ளைகளுக்குக் குழப்பம் வரவில்லை.

எனக்குக் குறை ஒன்று உண்டு. அது இந்த இரண்டு பேர்மேல் இல்லை, வினாத்தாள்மேல். "பசுமரத்தாணி போல – இவ்வுவமைத் தொடர் உணர்த்தும் பொருள் யாது?" என்று கேட்பார்கள். 'எளிதில் பதிதல்' என்று பையன் எழுதுவான், மதிப்பெண் வாங்குவான். பச்சை மரத்தில் அவன் ஒரு நாளும் ஆணி அடித்ததில்லை, அடித்ததைப் பார்த்ததும் இல்லை. ஒருமுறை பள்ளி முருங்கை மரத்தில் ஒரு ஆணியையும், உடைந்த பெஞ்சுக் காலில் ஒரு ஆணியையும் அடித்துப் பார்க்கச் சொன்னேன். பெஞ்சில் ஆணி வளைந்தது. முருங்கையில் சத்தமில்லாமல் இறங்கியது. "ஐயா, இதுவா பசுமரத்தாணி?" என்று அவன் கேட்ட குரலை, அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால் நினைத்துக்கொள்வீர்கள். (மரத்துக்கு வலிக்காதா என்று முன் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள். அவளுக்கும் நல்ல மனசு.) தலைவி தான் அறிந்ததை வைத்துத்தான் உவமை சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். நாம் பிள்ளைகளிடம் அவர்கள் அறியாததை வைத்து உவமை எழுதச் சொல்கிறோம். அவர்களாகச் சொல்வதைக் கேளுங்கள். மூன்று வயதுப் பேரன் ஒருவன் போன மாதம் மின்சாரம் போனபோது, "வீடு கண்ணை மூடிக்கிச்சு" என்றான். தற்குறிப்பேற்றம். அவனுக்குப் பெயர் தெரியாது.

பேத்தியின் வீட்டுப்பாடத்துக்கு என் சிபாரிசு இதுதான். அவள் இருப்பது டொராண்டோ. நிலவு போன்ற முகம், கயல் போன்ற கண் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அவள் கண்ணால் பார்க்கும் பனியை, பள்ளி பஸ்ஸை, அவள் நாயை வைத்து அவளே நான்கு உவமை எழுதட்டும். வினைக்கு ஒன்று, பயனுக்கு ஒன்று, மெய்க்கு ஒன்று, உருவுக்கு ஒன்று. நான்கையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன்.

எல்லோருக்கும் ஒரு வேலை. 'போல' என்பதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? கொங்குப் பக்கம் 'ஆட்டம்' என்பார்கள், "குரங்காட்டம் தாவாதே". தெற்கே 'கணக்கா' என்பார்கள். பல இடங்களில் 'மாதிரி'. முப்பத்தாறு உருபு சொன்னவர் இன்று இருந்தால் இவற்றையும் குறித்துக்கொண்டிருப்பார். உங்கள் ஊர்ச் சொல்லை ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். மாப்பிள்ளையும் தம்பியும் முதலில் எழுத வேண்டும், ஒருவர் எழுதியதற்குக் கீழேயே மற்றவர்.